‘குடும்பத் தகராறு’ என்ற சொல்லுக்குள் இருக்கும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டச் செய்திப் பக்கங்களில் ‘குடும்பத் தகராறு காரணமாக’ என்ற சொற்றொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. தம்பதி பிரிந்தாலும் அதே சொல், மனைவி பிள்ளைகளோடு தாய்வீடு போனாலும் அதே சொல், அதைவிடக் கொடியது நடந்தாலும் அதே சொல். அந்தத் தகராறு எதைப் பற்றியது என்பது மட்டும் அச்சில் வருவதில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கங்களில் குடும்ப ஆலோசனை, சட்ட உதவி, வங்கிப் பணி என்று வெவ்வேறு வேலைகளில் தம்பதிகளின் கணக்கைப் பார்க்கிறவர்கள் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. பிரிந்துவிடலாம் என்ற எண்ணம் பல வீடுகளில் பணத்திலிருந்துதான் முளைக்கிறது. ஆனால் அது சம்பளத்தின் அளவைப் பொறுத்து முளைப்பதில்லை. வீட்டுப் பணத்தைப் பற்றி இருவருக்கும் இருக்கும் நிறைவு எப்போது போகிறதோ அப்போது முளைக்கிறது. நிறைவு போவதற்கான காரணங்களைக் கணக்கு நோட்டுப் போட்டுக் கண்டுபிடிக்க முடியும். பெரும்பாலானவற்றைச் சரிசெய்யவும் முடியும்.

பண நிறைவு என்று நாங்கள் சொல்வது எதை? ‘இருப்பதை வைத்துச் சமாளித்துவிடலாம், திடீரென்று ஒரு செலவு வந்தாலும் தாங்கும், எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை’ என்று மனசு சொல்கிறதே, அதைத்தான். மாதம் முப்பதாயிரம் வரும் இரண்டு வீடுகளில் ஒன்று அமைதியாகவும் மற்றது கொதித்துக்கொண்டும் இருக்கும். ஒரே வீட்டில் கணவருக்கு நிறைவும் மனைவிக்குக் கலக்கமும் இருப்பதும் சகஜம். கடன் யார் பெயரில் இருக்கிறதோ, வாசலில் வந்து கேட்கிற ஆளுக்கு யார் பதில் சொல்கிறார்களோ, அவர்களுக்குத்தான் நிறைவு முதலில் போகும். எங்கள் பகுதியில் அது பெரும்பாலும் பெண்.

இதை அமெரிக்காவில் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஆலன் பூத், டேவிட் ஜான்சன் முதலானோர் 1980-களின் தொடக்கத்தில் மணவாழ்வு எவ்வளவு ஆட்டம் கண்டிருக்கிறது என்பதை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். வழக்குப் போட்டீர்களா என்று மட்டும் அது கேட்கவில்லை. பிரிவைப் பற்றி மனசுக்குள் நினைத்ததுண்டா, நண்பரிடம் பேசியதுண்டா, வக்கீலைப் பார்த்ததுண்டா என்றும் கேட்டது. முதலில் எண்ணம், பிறகு பேச்சு, கடைசியில்தான் மனு. 2009-ல் லாரன் பாப் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 100 தம்பதிகளிடம் வீட்டுச் சண்டைகளை நாட்குறிப்பாக எழுதச் சொன்னார்கள். பணச்சண்டை அதிகத் தடவை வந்த சண்டையாக இல்லை. பிள்ளை வளர்ப்பும் வீட்டு வேலையும் அதைவிட அதிகம் வந்தன. ஆனால் பணச்சண்டைதான் தீராமல் திரும்பத் திரும்ப வந்தது. 2012-ல் ஜெஃப்ரி டியூவும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 4,574 தம்பதிகளின் தரவைப் பார்த்தார்கள். வீட்டு வேலை, மாமனார் மாமியார், சேர்ந்திருக்கும் நேரம், தாம்பத்தியம் என்று எதைப் பற்றிய கருத்து வேறுபாட்டையும்விடப் பணத்தைப் பற்றியதுதான் பிற்கால மணமுறிவை வலுவாகச் சுட்டிக்காட்டியது.

அந்த ஊர்க் கணக்கை அப்படியே குடியாத்தத்துக்கோ பேரணாம்பட்டுக்கோ தூக்கிவந்து ஒட்ட முடியாது. அங்கே மொய் நோட்டு இல்லை, வாரக் குழு இல்லை, சேட்டுக் கடை அடகுச் சீட்டு இல்லை. ஆனால் பணச்சண்டை ஏன் திரும்பி வருகிறது என்பதற்கான விடை எங்கும் ஒன்றுதான். சண்டை ஓய்ந்தாலும் தவணைத் தேதி ஓயாது. ஐந்தாம் தேதி வந்த சண்டை அடுத்த ஐந்தாம் தேதியும் வரும்.

நீதிமன்றத்துக்குப் போகும்போது பணம் இன்னும் ஒருமுறை மறைந்துவிடுகிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மணமுறிவுக்கான காரணங்களாகக் கொடுமை, இரண்டாண்டு கைவிட்டுப் போதல் போன்றவை இருக்கின்றன. கடன், மறைத்த அடகு என்று எதுவும் இல்லை. அதனால் கேட்காமல் எடுத்து அடகு வைத்த நகை மனுவில் ‘மன உளைச்சல்’ ஆகிறது, பூட்டிவைத்த ஏடிஎம் கார்டு ‘கொடுமை’ ஆகிறது. முஸ்லிம் பெண்களுக்கான 1939-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் இதில் வெளிப்படையானது: கணவர் இரண்டாண்டுகள் ஜீவனத்துக்குக் கொடுக்காமல் இருந்தால் அதையே காரணமாக எழுதலாம். மற்றவர்கள் விஷயத்தில் ஆலோசகர்தான் தோண்டி எடுக்க வேண்டும். தோண்டாமல் ‘அனுசரித்துப் போங்கள்’ என்று அனுப்பிவைத்தால் அடுத்த தவணைத் தேதியில் அதே தம்பதி மறுபடியும் படியேறுவார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறோம். கணவர் தோல் பதனிடும் டேனரியில் வேலை, கைக்கு வருவது ரூ.17,500. மனைவி ஷூ கம்பெனியில் வேலை, கைக்கு ரூ.12,000. மொத்தம் 29,500. வாடகை 5,000, மளிகை, பால், காய்கறி, கேஸ் 9,500, பிள்ளைகளின் வேனும் டியூஷனும் 2,500, கரண்ட், போன், பெட்ரோல் 2,400, பைக் தவணை 2,800. குழுக் கடனுக்கு வாரம் 700. ஆண்டுக்கு 52 வாரம் என்பதால் மாதச் சராசரி ஏறத்தாழ 3,030. அடகில் இருக்கும் நகை 80,000-க்கு இரண்டு வட்டி, அதாவது மாதம் 1,600. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 1,500. கூட்டினால் 28,330. மிச்சம் 1,170.

பார்த்தால் பரவாயில்லை, மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். இங்கேதான் இருவரும் ஏமாறுகிறார்கள். மாதக் கணக்கில் வராத செலவுகளை எழுதிப் பாருங்கள். தீபாவளித் துணி 8,000, பொங்கல் 3,000, ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை 9,000, ஆண்டுக்குப் பத்து வீட்டு மொய் ஆயிரம் ஆயிரமாக 10,000, வண்டி இன்சூரன்சும் சர்வீசும் 4,000, காதுகுத்து, ஆடிச் சீர் வகையறா 6,000, காய்ச்சல், பல்வலி, மருந்து 5,000. மொத்தம் 45,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,750. மிச்சமோ 1,170. மாதாமாதம் 2,580 துண்டு விழுகிறது, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 31,000. போனஸ் வந்தால் ஓரளவு அடையும். மீதி புதுக் கடன்.

இந்த வீட்டில் ஊதாரி என்று யாரும் இல்லை. ஆனால் நோட்டுப் போடாத வரைக்கும் கணவருக்கு மனைவி கட்டும் சீட்டின் மேல் சந்தேகம், மனைவிக்குக் கணவரின் கூட்டாளிகள் மேல் சந்தேகம். ‘சம்பாதிக்கிறதெல்லாம் எங்கே போகுது?’ என்ற கேள்வி வரும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், காலண்டரைப் பார்ப்பதில்லை. வாரத் தவணை கட்டுகிற வீடுகளில் இன்னொன்றும் உண்டு. ஆண்டில் நான்கு மாதங்களில் தவணைக் கிழமை ஐந்து முறை வரும். மற்ற மாதங்களில் 2,800 போகிற இடத்தில் அந்த மாதங்களில் 3,500 போகும். ‘போன மாசம் இதே சம்பளத்தில் ஓடுச்சே’ என்ற சண்டை அந்த நான்கு மாதங்களில் வருவதற்கு இதுதான் காரணம். அந்த மாதங்களை ஜனவரியிலேயே காலண்டரில் வட்டமிட்டு வைக்கலாம்.

கணக்கு தெரிந்தபின் செய்ய வேண்டியது வட்டியிலிருந்து தொடங்குகிறது. 80,000-க்கு இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 19,200. அதே நகையை ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டிக்கு ஒரு வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ வைத்தால் 8,000. வித்தியாசம் 11,200, மேலே சொன்ன மாதிரி வீட்டில் துண்டு விழும் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது. சிக்கல் என்னவென்றால் மீட்பதற்கு முதலில் 80,000 கையில் வேண்டும். போனஸ், முடிகிற சீட்டு, பி.எப். முன்பணம் எதுவானாலும் வந்த அன்றைக்கே இதற்குத்தான் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் நடக்கும். வந்தபின் பேசலாம் என்றால் நடக்காது. மொத்தமாக முடியாவிட்டால், அடகில் இருக்கும் உருப்படிகளில் சிறியதை முதலில் மீட்டு, அதை வங்கியில் வைத்து, அந்தப் பணத்தோடு கையிலிருப்பதைச் சேர்த்து அடுத்ததை மீட்கலாம். வங்கியில் வைத்தாலும் ஆண்டு முடிவதற்குள் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் ஏல நோட்டீஸ் வரும். அந்தத் தேதியும் காலண்டரில் ஏற வேண்டும். பைக் தவணை முடிந்ததும் அந்த 2,800-ஐ அதே தேதியில் தபால் நிலையத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பாகப் போடுங்கள். இல்லாமலே பழகிவிட்ட பணம் அது. செலவுக்குப் பழக விடாதீர்கள்.

தினமும் வசூலிக்கும் தண்டல் கடனை, வேறு எந்த அவசரம் இருந்தாலும், முதலில் முடிக்கச் சொல்வோம். பத்தாயிரம் என்று பேசி, ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வசூலித்தால், கொடுத்தவரும் வாங்கியவரும் ‘பதினைந்து சதவீதம்தானே’ என்பார்கள். அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் அது மாதத்துக்கு ஏறத்தாழ பத்து வட்டி. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் தடைசெய்திருக்கிறது. குழுக் கடனுக்கும் ரிசர்வ் வங்கி 2022-ல் விதிகள் போட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு உட்பட்ட குடும்பம் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி கடன் கொடுக்கக்கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்குத் தொல்லை தரக்கூடாது. ஒரு குழு ஆள் இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று சத்தம் போடுவது தெருவுக்கே தெரிந்த அவமானம். அந்த அவமானம் அன்றிரவு வீட்டுக்குள் யார் மேல் பாய்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விதியைச் சொல்லிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

மறைத்த கடனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடன் இருப்பதைத் தாங்கிக்கொள்கிற மனைவியால், கடன் இருந்ததே தனக்குத் தெரியாது என்பதைத் தாங்க முடிவதில்லை. கணவருக்கும் அப்படியே. எங்கள் பகுதியில் மறைப்பு மூன்று வழியில் வருகிறது. ஒன்று, செயலிக் கடனும் ஆன்லைன் ரம்மியும். இரண்டு, மனைவி பெயரில் மற்றவர்களுக்காக எடுத்த குழுக் கடன். பக்கத்து வீட்டு அக்கா கட்டிவிடுவாள் என்று நம்பி எடுத்தது. மூன்று, நண்பனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து. ‘நான் கடன் வாங்கலையே, கையெழுத்துதானே போட்டேன்’ என்று ஆண்கள் மனதாரச் சொல்வார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம்; வேறுவிதமாக எழுதிக்கொண்டால் தவிர வங்கி நேராக அவரிடமே வரலாம். ஆகவே ஜாமீனையும் கடன் பக்கத்தில் முழுத் தொகைக்கு எழுத வேண்டும். 2022-ல் மாதாமாதம் பெரிய வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய நிறுவனங்கள் இந்தப் பக்கம் கவிழ்ந்தபோது போனது பணம் மட்டுமில்லை. மனைவிக்குச் சொல்லாமல் போட்டவர்கள், மைத்துனரிடம் வாங்கிப் போட்டவர்கள், சம்பந்தியைச் சேர்த்துவிட்டவர்கள் வீடுகளில் முறிந்த பேச்சு சுலபத்தில் திரும்பாது.

அடுத்து நகை. ‘நகை மூழ்கிப் போச்சு’ என்ற வார்த்தை ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்தால், பிரிவு எண்ணம் பாதி வழி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கவனமாகப் பேச வேண்டும் என்பது எங்கள் கருத்து. அது தாய்வீட்டார் வயிற்றைக் கட்டிச் செய்தது; அவளுக்கென்று இருந்த ஒரே சேமிப்பு. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. சீதனம் மனைவியின் தனிச் சொத்து, கணவர் வீட்டில் இருப்பதால் அது கூட்டுச் சொத்தாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் சொன்னது. முஸ்லிம் குடும்பங்களில் மணமகன் தரும் மணக்கொடையான மஹரும் மனைவிக்கு உரியது. திருமணத்தின்போது கொடுக்கும் பொருட்களைப் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்ற விதி 1985 முதல் இருக்கிறது. செய்பவர்கள் மிகக் குறைவு. கல்யாணமாகி எத்தனை ஆண்டானாலும் இப்போதுகூட எழுதலாம்: உருப்படி, எடை கிராமில், இப்போது எங்கே இருக்கிறது, அடகில் இருந்தால் ரசீது எண், தொகை, தேதி, எதற்காக வைத்தது. சவரன் என்று மட்டும் எழுதினால் பின்னால் தகராறு வரும். எட்டு கிராம் ஒரு சவரன் என்றாலும் கல் எடை, செய்கூலி பேச்சு வந்துவிடும். குடும்பத்துக்காக வைத்த நகை குடும்பக் கடன். அதை மீட்பது மனைவியின் பொறுப்பு என்று விட்டுவிடுவது நியாயமில்லை.

கணக்கு பேச உட்காருவதற்கும் முறை உண்டு. சம்பள நாளும் வேண்டாம், குழுக் கிழமையும் வேண்டாம், வேலை முடிந்து வந்த மாலையும் வேண்டாம். ஞாயிறு முற்பகல் நல்லது. முக்கால் மணி நேரம் போதும். கம்மவான்பேட்டை மாதிரி ராணுவத்தில் இருப்பவர்கள் நிறைந்த ஊர்களிலும், காட்பாடியில் ரயிலேறி சென்னை, பெங்களூரு போய் வாரக்கடைசியில் திரும்புகிறவர்களின் வீடுகளிலும், வந்த முதல் ராத்திரியே கணக்குக் கேட்பதுதான் பெரிய தவறு. ஓராண்டு தனியாக வீட்டை ஓட்டியவளுக்கு அந்தக் கேள்வி கணக்காகக் கேட்காது, சந்தேகமாகக் கேட்கும். மூன்று நாள் போகட்டும்.

முதல் அமர்வில் இருவரும் தனித்தனித் தாளில் எழுத வேண்டும்: தன் பெயரிலும் தனக்குத் தெரிந்தும் இருக்கும் எல்லாக் கடனும், யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி, என்ன ஈடு, யார் கையெழுத்து. கைமாற்றாக வாங்கிய ஐந்நூறும் அதில் வரட்டும். தாளின் அடியில் மூன்று கேள்விகளுக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். மாதச் செலவைச் சமாளிக்கிறோமா? திடீர்ச் செலவு வந்தால் தாங்குமா? வீட்டுப் பணத்தில் எனக்கு எவ்வளவு சொல் இருக்கிறது? பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் எட்டும் மற்றவர் மூன்றும் போட்டிருக்கிற கேள்விதான் அந்த வீட்டின் உண்மையான பிரச்சினை. இருவரும் மூன்று போட்டால் அது வருமானப் பிரச்சினை, சேர்ந்து போராடலாம். மூன்றாவது கேள்வியில் மட்டும் இடைவெளி இருந்தால் சம்பளம் இரட்டிப்பானாலும் அது தீராது.

முதல் அமர்வில் ‘எவ்வளவு, யாரிடம், எப்போது’ மட்டும் கேட்க வேண்டும். ‘ஏன்’ கேட்கக்கூடாது. இது மிக முக்கியம். ‘ஏன் வாங்கினே’ என்று கேட்ட நொடியில் எழுதாத கடன் எழுதாமலே போய்விடும். அடுத்த சண்டையில் அந்தத் தாளை எடுத்து மாமியாரிடமோ அண்ணனிடமோ காட்டினால் இனி அந்த வீட்டில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டாவது அமர்வு: எந்தக் கடனை முதலில் முடிப்பது, ஆண்டுச் செலவுகள் எந்தெந்த மாதம். மூன்றாவது அமர்வில் வரம்புகள். உதாரணமாக, இரண்டாயிரத்துக்கு மேல் எதுவானாலும் முன்கூட்டிச் சொல்வது, ஜாமீன் எவ்வளவு சிறிய தொகைக்கானாலும் இருவரும் ஒப்பாமல் போடுவதில்லை என்பது. பிறகு மாதம் ஒருமுறை இருபது நிமிடம் போதும்.

அந்த வரம்புகளோடு ஒரு கைச்செலவும் ஒதுக்குங்கள். இருவருக்கும் ஒரே தொகை, முந்நூறானாலும் சரி, கேள்வி கிடையாது. வேலைக்குப் போகாத மனைவிக்கும் அதே தொகை. பூ வாங்கினாளா, டீக்கடையில் விட்டாரா என்று மற்றவர் கேட்கக்கூடாது. சிறு செலவுக்கெல்லாம் கை நீட்ட வேண்டியிருப்பது ஒரு மனிதரை எப்படிச் சுருக்கிவிடும் என்பது கை நீட்டியவர்களுக்குத்தான் தெரியும். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரில் வரத் தொடங்கியபோது, பல வீடுகளில் அந்தத் தொகை தன் கணக்கில் தன் பெயரில் வந்ததே பெண்களுக்குப் பெரிதாக இருந்தது. அதையும் வாங்கி வைத்துக்கொள்ளும் கணவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கு அனுப்பும் பணத்தை மறைக்காமல் ஒரு வரியாக, ஒரு தொகையாக எழுதிவிடுவது நல்லது. இரு பக்கப் பெற்றோருக்கும். அவள் சம்பளத்திலிருந்து தாய்க்கு மருந்து வாங்க ஐந்நூறு போனால் குற்றம், அவர் சம்பளத்திலிருந்து இரண்டாயிரம் போனால் கடமை என்ற கணக்கு எந்த நோட்டிலும் நிற்காது.

சேர்ந்த கணக்கா, தனித்தனிக் கணக்கா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்காவில் புதிதாக மணமானவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி இரண்டாண்டு கவனித்த ஆய்வு 2023-ல் வெளியானது; கூட்டுக் கணக்கு வைத்தவர்களின் உறவு மற்றவர்களைவிட நன்றாக நிலைத்தது. இங்கே நாங்கள் அதை அப்படியே சொல்லத் தயங்குகிறோம். கூட்டுக் கணக்கு என்று பெயர், கார்டு ஒருவர் சட்டைப்பையில், பின் நம்பர் ஒருவர் மனசில் என்றால் அது கூட்டுக் கணக்கே இல்லை. எங்கள் யோசனை: சம்பளம் அவரவர் கணக்குக்கு வரட்டும். வீட்டுச் செலவுக்கென்று ‘இருவரில் எவரும் இயக்கலாம்’ என்ற முறையில் ஒரு கணக்குத் தொடங்கி, வருமானத்தின் விகிதப்படி இருவரும் போடுங்கள். மாதிரி வீட்டில் அது ஏறத்தாழ ஆறுக்கு நான்கு. கார்டு இருவருக்கும் தனித்தனி. குறுஞ்செய்தி இருவர் போனுக்கும் வருமா என்று கிளையில் கேளுங்கள். எல்லாக் கணக்கிலும் பி.எப்.பிலும் வாரிசு நியமனத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்தீர்களா என்று பாருங்கள். ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடும் வங்கிக் கணக்கிலேயே எடுக்கலாம்.

இவ்வளவும் இருவரும் பயமில்லாமல் உட்கார முடிகிற வீட்டுக்கு மட்டும். அடி, மிரட்டல், சம்பளத்தைப் பிடுங்குதல், வேலைக்குப் போகவிடாமல் தடுத்தல் இருக்கிற வீட்டில் ‘உட்கார்ந்து பேசுங்கள்’ என்று சொல்வது ஆபத்து. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதார வன்முறையையும் வன்முறை என்றே வரையறுத்திருக்கிறது. சீதனத்தை விற்பது, வீட்டுச் செலவுக்குத் தராமல் வைப்பது எல்லாம் அதில் அடங்கும். மகளிர் உதவி எண்ணான 181-ல் அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. குடிதான் அடிக்காரணம் என்றால் நோட்டு உதவாது, சிகிச்சைதான் உதவும். பாகாயத்தில் மனநல மருத்துவமனை இருக்கிறது, மனநல உதவி எண்ணான 14416-லும் பேசலாம்.

பிரிவதே சரி என்று முடிவெடுப்பவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்கிறோம். 29,500-ல் ஒரு வீடு ஓடவில்லை என்றால் அதே பணத்தில் இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு ஓட வேண்டும். பரஸ்பர சம்மதத்தில் பிரிவதற்கே ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017-ல்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜீவனாம்சம் கேட்டால் 2020-ன் ரஜ்னேஷ்–நேஹா தீர்ப்புப்படி இருவரும் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வீட்டில் எழுத மறுத்த அதே நோட்டைச் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வக்கீல் வைத்து எழுத வேண்டியிருக்கும்.

மாவட்ட நிர்வாகங்களுக்கு இரண்டு வேண்டுகோள். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் 2009 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் சான்றிதழோடு ஒரே ஒரு தாள் கொடுங்கள். கடன் பட்டியல், நகைப் பட்டியல், ஆண்டுச் செலவுக் காலண்டர் மூன்றும் அச்சிட்ட தாள். வங்கிகள் நடத்தும் நிதிக் கல்வி மையங்களின் ஆலோசகர்களை மாதம் இரண்டு நாள் அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்களுக்கும் அனுப்புங்கள். பணம் தொடர்பான மனுக்களை அவர்கள் பார்க்கட்டும்.

சமரசம் செய்துவைக்கும் காவல் அதிகாரிகள், ஜமாத்தார், ஊர்ப் பெரியவர்கள், பங்குத் தந்தையர், ஆலோசகர்கள் அனைவருக்கும் ஒன்று. ‘இனி ஒழுங்காக இருப்பேன், குடும்பச் செலவுக்குக் கொடுப்பேன்’ என்று எழுதி வாங்கும் தாள் பெரும்பாலும் சீக்கிரமே பயனற்றுப் போகிறது. அதில் எதையும் சரிபார்க்க முடியாது. மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில். எந்த உருப்படி நகை, எத்தனை கிராம், எந்த ரசீது, எந்த மாதத்துக்குள் யார் மீட்பது. ஒவ்வொரு கடனையும் யார் கட்டுவது. மூன்று மாதம் கழித்து எந்த நாளில் மறுபடி வந்து இதைக் காட்டுவது. இவை எழுதப்படாத தாளில் அந்தப் பெண்ணிடமும் அந்த ஆணிடமும் கையெழுத்து வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடும்ப ஆலோசனை, சட்ட உதவி, வங்கிப் பணிகளில் உள்ளோர் சிலர்,
வேலூர்.